பகல் ராஜாவின் முறை

அந்த வருஷம் நோன்பு பாதி தாண்டியிருந்தபோது ஒரு நாள், தூத்துக்குடிக்கு மேற்கே உப்பளங்களுக்கு மேல் ஒரு தென்னை உயரத்தில் சூரியன் வந்து நின்றது; நின்றது நின்றதுதான், அப்புறம் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை, நாலரை மணி வெயிலில் எந்த ஊரிலும் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, டீ கிளாஸைத்தான் பார்ப்பார்கள். பிறகு பள்ளிவாசலில் கஞ்சிக் கோப்பையும் பேரீச்சம்பழமும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்கள், மாதா கோவிலில் சாயங்கால மணி அடிக்க வேண்டிய உபதேசியார் கயிற்றைப் பிடித்தபடி கை கடுக்க நின்றார், காக்காய்கள் மரத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு ஏதோ கணக்குத் தப்பிவிட்டது என்று மறுபடி கிளம்பிப் போயின, பூக்கடைக் கூடைகளில் மல்லிகை மொட்டு மொட்டாகவே கிடந்தது. கடிகாரத்தில் ராத்திரி பத்து ஆனபோது தாய்மார்கள் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, இருட்டிவிட்டது தூங்கு என்று பிள்ளைகளை அடித்துப் படுக்கவைத்தார்கள்.

திருநெல்வேலியிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் முதல் தகவல் கொண்டுவந்தார். வாகைக்குளம் வரைக்கும் நல்ல இருட்டு, ஹெட்லைட் போட்டுத்தான் வந்தோம், அதைத் தாண்டினதும் கண்ணைக் குத்துகிற மாதிரி பளீர் என்று வெயில், டிரைவர் பிரேக் போட்டதில் முன் சீட்டுக்காரம்மா கூடையோடு விழுந்துவிட்டார் என்றார். ஆக, உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊருக்குத்தான் ஆகியிருக்கிறது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதியாகப் போயிற்று.

அதிசயம் என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்க அந்த ஊருக்கு நேரமில்லை, துறைமுகத்தில் லாரி நிற்கிறது, உப்பளத்தில் உப்பு கிடக்கிறது, வீட்டில் தண்ணீர் பிடிக்க வேண்டும். சாயங்காலம் நின்றுபோன ரெண்டாம் நாளே வாகைக்குளத்துக்கு ‘தூக்க பஸ்’ என்று ஒன்று ஓட ஆரம்பித்துவிட்டது. சனங்கள் பாயும் தலையணையுமாக ஏறிப் போய் அங்கே கருவேல மரத்தடியில் இருட்டில் படுத்து எழுந்து, விடிந்ததும் மறுபடி தங்கள் சாயங்காலத்துக்கே திரும்பி வந்தார்கள். பள்ளிவாசலில் கூடிப் பேசி, காயல்பட்டினத்தில் எப்போது பொழுது சாய்கிறதோ அந்த நேரத்துக்கு நோன்பு திறந்துகொள்வது என்று முடிவு செய்தார்கள். ராத்திரி வலைக்குப் போகிறவர்கள் கடலில் கொஞ்ச தூரம் போய் இருட்டுக்குள் நுழைந்து மீன் பிடித்து, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு வெயிலுக்குள் திரும்பி வந்தார்கள். இருட்டட்டும் என்று காத்திருந்து மறைவாகக் குடிக்கிறவர்கள் ரெண்டு நாள் கூச்சப்பட்டுவிட்டு, மூன்றாம் நாள் கூச்சத்தை விட்டுவிட்டார்கள். திருடர்கள் மட்டும் தொழிலுக்கு வழியில்லாமல் பக்கத்து ஊர்களுக்குப் போய்விட்டதாகப் பேச்சு.

பெரிய சண்டையெல்லாம் தினசரிக் காலண்டரைக் கிழிப்பதில்தான் வந்தது. ராத்திரி ஒன்று வராமல் தேதியை எப்படிக் கிழிப்பது என்று ஒரு கட்சி, கடிகாரம்தான் கணக்கு என்று ஒரு கட்சி. ஒரே வீட்டில் மாமியார் புதன்கிழமையிலும் மருமகள் வெள்ளிக்கிழமையிலும் இருந்தார்கள், மருமகள் மீன் சமைக்கவில்லை என்று மாமியாருக்குக் கோபம்.

இப்படி ஊர் தன் பாட்டுக்குச் சமாளித்துக்கொண்டிருக்க, டெல்பின் தன் வீட்டு மாடியில் போனைக் கையில் பிடித்தபடி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழவேண்டும் போலிருந்தது, எழுந்தால் படுக்கவேண்டும் போலிருந்தது, படுத்தால் கண்ணை மூட பயமாக இருந்தது. சூரியன் ஏன் நிற்கிறது என்று ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், ஏனென்றால் அவள்தான் அதைப் பிடித்து வைத்திருந்தாள்.

‘ஏழுதீவுப் போர்’ என்று ஒரு ஆட்டம். அட்டையை விரித்தால் சாப்பாட்டு மேஜை முழுக்க வரும், ஒரே கடல், அதில் ஏழு தீவு, தீவுக்கு ஒரு கோட்டை. ஒருவர் பகல் ராஜா, அவருக்கு யாளிப்படை. இன்னொருவர் இரா ராஜா, அவருக்கு வேதாளமும் கடல்பூதமும். நடுவில் ஒரு வட்டத் தகடு இருக்கும், ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் நிலா. பகல் ராஜா தன் காய்களை நகர்த்தி முடித்துத் தகட்டைத் திருப்பி வைத்தால் பொழுது சாய்ந்தது, இனி இரா ராஜாவின் முறை. அவர் முடித்துத் திருப்பி வைத்தால் விடிந்தது. டெல்பினும் தம்பி கஸ்பாரும் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலிருந்து இதை ஆடினார்கள், எப்போதும் அவள்தான் பகல், அவன்தான் இரவு, வேதாளத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டான். அவன் என்ஜினீயராகக் கப்பலேறிய பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. பாதியில் கிடக்கிற அட்டையின் மேல் பெரிய அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான், ஒன்பது மாதம் கழித்து வந்து கூடையைத் தூக்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆடுவான், அதுவரைக்கும் வீட்டில் எல்லோருக்கும் தரையில்தான் சாப்பாடு. அட்டை காத்திருக்கும், அட்டைக்கு என்ன அவசரம்.

டெல்பின் வேலை பார்த்தது பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு பேக்கரி மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில், நவநீதன் என்பவருடையது, அட்டையில் ஆடும் ஆட்டங்களைப் போனில் ஆடும்படி மாற்றிக் கொடுக்கும் தொழில். ‘ஏழுதீவுப் போர்’ அங்கே வந்தபோது அதை எனக்குத்தான் தரவேண்டும் என்று சண்டைபோட்டு வாங்கினாள். தம்பி எந்தக் கடலில் இருந்தாலும் ஆடலாமே என்கிற சுயநலம்தான், வேறொன்றுமில்லை. அருமையாகச் செய்தாள். யாளி பிடரியைச் சிலுப்பியது, வேதாளம் கோட்டை மதிலில் தலைகீழாகத் தொங்கி விக்கல் எடுத்தது, நடுவில் இருந்த வட்டத் தகடு ரெண்டு பொத்தானாக ஆனது: பகல் ராஜாவுக்குப் ‘பொழுது சாயட்டும்’, இரா ராஜாவுக்குப் ‘பொழுது விடியட்டும்’. பொத்தானுக்குப் பின்னால் ஒரு வானம் வேண்டும் என்று, மொட்டைமாடியில் நின்று தூத்துக்குடி வானத்தையே படம் பிடித்துப் போட்டாள். எல்லாம் அதில் தொடங்கியது என்பார்கள் சிலர். இருக்கலாம்.

ஆனால் ஆடுகிறவர்கள் எல்லோரும் அக்கா தம்பியாக இருக்கமாட்டார்கள் அல்லவா? தோற்கப்போகிற நேரத்தில் நெட் போய்விட்டது என்று ஓடி ஒளிகிறவர்கள் நிறையப் பேர், எதிராளி உட்கார்ந்துகொண்டே இருக்கவேண்டியது. அதனால் ஒரு கெடு வைத்தார்கள். தன் முறை வந்து ரெண்டு நாளுக்குள் ஒருவர் ஒரு காயைக்கூட நகர்த்தாவிட்டால் அவர் இடத்தில் மெஷின் உட்கார்ந்து அவருக்காக ஆடும். அதற்குக் கம்பெனியில் ‘பொம்மை’ என்று பெயர், பொம்மை உட்கார்ந்துவிட்டால் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் பொம்மையை முடுக்குகிற ஒரு குட்டிச் சாவி தெரியும். அந்த விதியை எழுதியதும் டெல்பின்தான். காயை நகர்த்திவிட்டுப் பொத்தானை அமுக்காமல் உட்கார்ந்திருக்கிறவரை என்ன செய்வது என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள்.

கஸ்பாரின் கப்பல் ஏடன் பக்கம் போனதும் பேச்சு மூச்சில்லாமல் போயிற்று. போன் போகவில்லை, மெசேஜ் போகவில்லை, ஏஜென்ட் ஆபீசில் “தகவல் இல்லம்மா, பதறாதீங்க” என்று ரெண்டு முறை சொன்னவர்கள் மூன்றாம் முறை போனை எடுக்கவில்லை. கடைசியாக அவனிடமிருந்து வந்தது ஆட்டத்தில் ஒரு நகர்வு, ஐந்தாம் தீவில் வேதாளத்தை ஏற்றிவிட்டுப் பொழுதை விடியவைத்திருந்தான். இவள் பதிலுக்கு யாளிகளை நகர்த்தினாள், கோட்டைக்குக் காவல் போட்டாள், எல்லாம் முடித்துப் பொத்தான் மேல் விரலைக் கொண்டுபோனாள், அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதை அமுக்கினால் அவன் முறை வரும். அவன் முறை வந்தால் கெடு ஓட ஆரம்பிக்கும். கெடு முடிகிறபோது கஸ்பார் என்ற பெயருக்குப் பக்கத்தில் சாவி வந்துவிட்டால்? இப்போது அவள் முறை. அவள் முறை இருக்கிறவரை அவன் தாமதிக்கவில்லை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. விரலை எடுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே சூரியன் நின்றது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நவநீதன்தான் கம்பெனியில் உட்கார்ந்து எந்த ஆட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஆட்டத்தில் நிற்கிற சூரியனும் வெளியே நிற்கிற சூரியனும் ஒரே உயரத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து வியர்த்து விறுவிறுத்து அவள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“கெடுவ எடுத்துருவோமா டெல்பின்? பொம்மையே வராது, நிம்மதியா அமுக்கிடு” என்றார்.

“எடுத்துட்டா? அவன் ஆடுற வரைக்கும் விடியாதே சார். ஆடவே இல்லன்னா ஊரு கடேசி வரைக்கும் இருட்டுலயா கெடக்கும்?”

“அப்ப ஆட்டத்தையே அழிச்சிருவோம்.”

“சூரியன் என் கையில இருக்கு. இப்ப ஆட்டத்த அழிச்சா அது எங்க போகும்? உங்களுக்குத் தெரியுமா?”

நவநீதனுக்குத் தெரியவில்லை. அவர் கோவில்பட்டிக்காரர், வீட்டில் கடலுக்குப் போனவர் யாரும் கிடையாது, வாயில் எதுவும் தங்காது. கீழே இறங்கி டீக்கடையில் ஒரு டீ குடித்தார், அந்த டீ ஆறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கல்லெடுத்து எறிந்திருப்பார்கள், கதவை உடைத்துப் போனைப் பிடுங்கியிருப்பார்கள் என்று வேற்றூர்க்காரர்கள் நினைப்பார்கள். அந்த ஊர் கடலோரத்து ஊர். அங்கே கடலுக்குப் போன ஆள் இருக்கிற வீட்டில் ஒரு கேள்வியைக் கேட்கமாட்டார்கள். ஆடு எப்படி இருக்கிறது, வாடகைக்காரர் ஒழுங்காக இருக்கிறாரா, உங்கள் மூட்டுவலி தேவலையா என்று எல்லாம் கேட்பார்கள், அவர் எப்ப வருவார் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். கேட்டால் கடலுக்கும் காதில் விழும் என்று பயம். அப்படி இருக்க, ‘பொழுதை விடு தாயே’ என்று டெல்பினிடம் சொன்னால் ‘உன் தம்பி இருக்கிறானா இல்லையா பார்த்துச் சொல்லு’ என்று கேட்டதாக ஆகிவிடும். யாருக்கு வாய் வரும்?

ஆகவே வரிசையாக வந்தார்கள், வந்து வேறு எதையாவது பேசிவிட்டுப் போனார்கள். உப்பளத்தில் உப்பு வாரும் பேச்சிக்கனி வந்தாள். கருக்கலில் எழுந்து வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்கிறவள் அவள், இப்போது கருக்கலே இல்லை, பாத்தியில் உப்பு விளைந்துகொண்டே இருந்தது, முதலாளிக்குச் சந்தோஷம், வாருகிறவளுக்குக் கண்.

“கண்ணு ரெண்டும் பூத்துப்போச்சு டெல்பினு. உப்பு வெள்ளையும் வெயிலு வெள்ளையும் சேந்து எம்மவ மொகமே மங்கலாத்தான் தெரியுது. சும்மா சொல்லுதேன், வேற ஒண்ணுமில்ல. நீ சாப்பிட்டியா?” என்றாள்.

பள்ளிவாசலிலிருந்து ஒரு பெரியவர் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். “எங்களுக்கு ஒரு தொந்தரவும் கெடையாதும்மா. காயல்பட்டினத்து நேரம் இருக்கவே இருக்கு. பிள்ளையளுக்குத்தான் மொட்டைமாடியில நின்னு பெறை பாக்கணும்னு ஆசை, இன்னுங் கொஞ்ச நாள்ல பெருநாள் வந்துரும்லா. அது கெடக்கட்டும், கஞ்சி ஆறிரும், குடி” என்றார்.

பூக்கடைக்காரி வந்தாள். விரியாத மொட்டில் ஒரு கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் தலைமுடியைக் கோதிக்கொண்டு நின்றாள், அப்புறம் போய்விட்டாள்.

இவர்கள் ஒவ்வொருவரும் போன பிறகு டெல்பின் அழுதாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள், கஞ்சி கொடுத்தால் என்ன செய்வது. பொத்தானைப் பார்ப்பாள், விரலை நீட்டுவாள், மடக்கிக்கொள்வாள், மறுபடி அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்குமாக நடப்பாள். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது, ஆனாலும் விடமுடியவில்லை.

ஊரும் நிலைகொள்ளாமல்தான் இருந்தது. வெளியில் சிரித்துச் சமாளித்தாலும் உள்ளே எல்லோருக்கும் நரம்பு இழுத்துக்கொண்டு நின்றது. தூக்க பஸ்ஸில் சீட்டுக்கு அடிதடி, நாய்கள் குரைக்க நேரம் தெரியாமல் எல்லா நேரமும் குரைத்தன, கைக்குழந்தைகள் அழுதால் நிறுத்தவில்லை, கல்யாண வீட்டில் சீரியல் பல்பு போட்டது வெயிலில் யாருக்கும் தெரியவில்லை என்று பெண்ணின் தகப்பனார் பந்தல்காரரைக் கன்னத்தில் அறைந்தார். வேலை எப்போது முடிகிறது என்று எவருக்கும் தெரியவில்லை. நாலரை மணி வெயில் என்பது வீட்டுக்குப் போகலாம் என்று மனசு கிளம்புகிற நேரம், அந்த மனசு கிளம்பிக் கிளம்பி எங்கேயும் போய்ச் சேராமல் நாள்கணக்கில் நின்றால் மனுசன் என்ன ஆவான், சொல்லுங்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஆஸ்லின் வந்தாள். ஆஸ்லின் கஸ்பாரின் மனைவி, கல்யாணமாகி ரெண்டு வருஷம், அதில் அவன் வீட்டில் இருந்தது ஏழெட்டு மாதம் இருக்கும். தெரசுபுரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். அங்கிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தாள், தெருவே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது.

“வா, உக்காரு. மோரு தாரேன்” என்றாள் டெல்பின்.

“மோரு வேண்டாம் மைனி. ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்.” குடையை மடக்கி வாசலில் சாத்தினாள். “அவிய எப்ப வருவாவ?”

பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தியவள் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் தெருவில் அந்தக் கேள்வியை யாரும் காதால் கேட்டதில்லை.

“ஏட்டி, வாயக் கழுவு” என்றாள் டெல்பின். “அப்பிடிக் கேக்கப்படாதுன்னு ஒனக்குத் தெரியாதா?”

“ஊர்க்காரவ கேக்கப்படாது, சரி. நான் கேக்காம வேற யாரு கேப்பா? மைனி, ஒங்களுக்கு அவிய ஆட்டத்துல இருக்காவ, போனத் தொறந்தா இருக்காவ. எனக்கு என்ன இருக்கு? அக்கம்பக்கத்துல என்னயப் பாத்தாப் பேச்ச நிறுத்திருதாவ. சிரிச்சா, இவ எப்பிடிச் சிரிக்கான்னு பாக்காவ. அழுதா, இவ ஏன் இப்பமே அழுதான்னு பாக்காவ. பொட்டு வைக்கும்போது கை நிக்கிது மைனி, நெசமா நிக்கிது.” அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே பேசினாள். “பொழுதப் பிடிச்சு வச்சா அவிய பத்திரமா இருப்பாவன்னு நெனைக்கிறிய.”

“வேற என்னளா செய்யச் சொல்லுத? இத அமுக்கி, ரெண்டு நாளுல அவம் பேருகிட்டச் சாவி வந்துச்சுன்னா? அந்தப் பொம்ம அவம் பேருல வந்து ஒக்காந்து ஆடுனா? அத நான் பாக்கணுமா? அந்தப் பொம்மய எழுதினவளே நாந்தானளா!” டெல்பின் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஆஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் போனைப் பார்த்தார்கள். ஆட்டத்தில் ஐந்தாம் தீவு மதிலில் வேதாளம் தொங்கிக்கொண்டு விக்கல் எடுத்தது. ஆஸ்லினுக்கு ஆட்டம் தெரியாது, வேதாளத்தைத் தொட்டுப் பார்த்தாள், அது நகரவில்லை.

“இது அவிய காயா? ஏன் தொட்டா நகரல?”

“அவன் முறை வந்தாத்தான் நகரும்.”

“இதுல எழுதி ஏதாவது சொல்லலாமா? சௌக்கியம், அப்பிடின்னு?”

“ஒரு வரி சொல்லலாம். காய நகத்தும்போது கூடவே ஒரு வரி போகும்.”

“அப்ப முறை வராதவிய என்ன செய்வாவ?”

முறை வராதவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், ஒரு காயைத் தொடமுடியாது, ஒரு சொல் சொல்லமுடியாது. எதிராளியின் முறையில் தொல்லை தரக்கூடாது என்று அப்படி வைத்திருந்தாள். அதையும் எழுதியது அவள்தான்.

“அப்பன்னா, மைனி” என்றாள் ஆஸ்லின் மெதுவாக, “அவிய அங்க நல்லா இருந்து, நீங்க ஆடுறதுக்காவக் காத்துக்கிட்டு இருந்தா?”

இத்தனை நாளில் டெல்பினுக்கு அது தோன்றவே இல்லை. பயம் வந்து மனசில் உட்கார்ந்துகொண்டால் பக்கத்தில் வேறு எதற்கும் இடம் கொடுப்பதில்லை. தம்பி ஏதோ ஒரு கப்பலில் ஏதோ ஒரு இரும்புக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, இந்த அக்கா ஏன் இன்னும் ஆடி முடிக்கவில்லை என்று போனை வெறித்துக்கொண்டிருப்பதை நினைத்தாள்.

“அப்பிடி இல்லாம, சாவி வந்துட்டா?” என்றாள்.

“வந்தா அழுவோம். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு நல்லா அழுவோம். இப்ப அழக்கூட முடியல மைனி, இந்த வெயில்ல.”

டெல்பின் போனை எடுத்தாள். ஆட்டக்காரியின் பழக்கம் விடுமா, காய்களை ஒருமுறை சரிபார்த்தாள், நாலாம் தீவு யாளிக்குக் காவல் போதாது என்று தெரிந்தது, இருக்கட்டும் என்று விட்டாள். ஆஸ்லினின் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மாதாவே என்றாள். ‘பொழுது சாயட்டும்’ பொத்தானை அமுக்கினாள்.

சூரியன் மெல்ல எல்லாம் இறங்கவில்லை, தாமதமாகிப் போன பஸ் மாதிரி விழுந்தடித்துக்கொண்டு இறங்கியது. உப்பளம் முழுக்க ஒரே சிவப்பு, அது போய் நீலம், நீலம் போய் இருட்டு. உபதேசியார் ஓடிப்போய்க் கயிற்றில் தொங்கி மணியடித்தார், பள்ளிவாசலில் பாங்கு கேட்டது, பூக்கடைக் கூடைகள் அத்தனையிலும் மல்லிகை ஒரே நேரத்தில் விரிந்து தெருத் தெருவாக வாசம் ஏறியது, காக்காய்கள் மரத்தில் வந்து விழுந்தன. பேச்சிக்கனி வீடுவரைக்கும்கூடப் போகவில்லை, உப்பளத்து ஷெட்டிலேயே முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தாள், நட்சத்திரம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஊரில் பாதிப் பேர் சாப்பிடக்கூட நிற்கவில்லை. பாயை உதறினார்கள், படுத்தார்கள், சண்டை போட்ட மாமியாரும் மருமகளும் ஒரே ஃபேனுக்கு அடியில் படுத்தார்கள், விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஊர் முழுக்கக் குறட்டைச் சத்தம் மட்டும்தான்.

போனில் ‘இரா ராஜாவின் முறை’ என்று எழுத்து வந்து, கெடு ஓட ஆரம்பித்தது. ரெண்டு நாள் இருக்கிறது. செய்துவிட்டோமே செய்துவிட்டோமே என்று டெல்பின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு நாளும் இப்படியே பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஒரு வாய் சாப்பிடுவோம் என்று சொல்லி ஆஸ்லின்தான் அடுப்பைப் பற்றவைத்து உலையில் அரிசியைப் போட்டாள்.

அரிசி இன்னும் வேகவில்லை. அடுப்படி ஜன்னல் கிழக்கே பார்த்தது. அதில் ஏதோ வெளிச்சம் தெரிந்தது, துறைமுகத்தில் பெரிய விளக்கைப் போட்டிருக்கிறார்கள் என்று ஆஸ்லின் நினைத்தாள். அந்த வெளிச்சம் மஞ்சளாயிற்று, மஞ்சள் வெள்ளையாயிற்று, எங்கோ ஒரு சேவல் நம்பிக்கையில்லாமல் பாதி கூவி நிறுத்தியது. “மைனி” என்றாள். மறுபடி “மைனி!” என்று கத்தினாள்.

கடலுக்கு மேலே சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. கெடுவில் கால்மணி நேரம்கூடக் கழியவில்லை, பொம்மை வர இன்னும் ரெண்டு நாள் கிடந்தது. டெல்பின் போனைத் திறந்தாள், அவசரத்தில் கீழே போட்டு, எடுத்து, மறுபடி திறந்தாள். கஸ்பார் என்று இருந்தது. பக்கத்தில் சாவி இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள், சாவி இல்லை, கஸ்பார் மட்டும்தான். அவளுடைய நாலாம் தீவு யாளியை வேதாளம் தூக்கிக்கொண்டு போயிருந்தது, கூடவே ஒரு வரி: “ஒரு கை ஆட இத்தன நாளா அக்கா? போன் ஒண்ணும் போகல, இந்த ஆட்டம் மட்டுந்தான் போவுது, ஆஸ்லின்ட்ட நல்லாருக்கேன்னு சொல்லு.”

டெல்பின் அதைப் படித்துக் காட்டவில்லை, படிக்க முடியவில்லை, போனை அப்படியே ஆஸ்லின் கையில் திணித்துவிட்டு, போன யாளிக்காக இல்லாமல் வேறு எதற்கெல்லாமோ சேர்த்து ஓவென்று அழுதாள்.

வெளியே தெரு எழுந்துவிட்டது. தலைவிரி கோலமாக, லுங்கியை இடுப்பில் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணைத் திறந்தும் ஒரு கண்ணைத் திறக்காமலும் ஆணும் பெண்ணுமாக வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். இத்தனை நாள் காத்திருந்து கிடைத்த ராத்திரி, தலையணை சூடாகக்கூட இல்லை, அதற்குள் போயிற்று. கடலோரத்து ஊரின் பொறுமை அத்தனையும் அந்த நிமிஷத்தில் தீர்ந்தது.

“எவம்ல அது, அதுக்குள்ள விடிய வச்சவன்?” என்று தெருவே சேர்ந்து கத்தியது.

ஆஸ்லின் போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் நடுத்தெருவுக்கு ஓடிவந்தாள்.

“எம் புருசன்தான்!” என்றாள்.